பி.எஸ்சி. மாணவரை ஆய்வுப் படிப்புக்கு அனுப்புவது: டெல்டா கல்லூரிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு

கும்பகோணம், பூண்டி, மன்னார்குடி, திருவாரூர் என்று எந்தக் கல்லூரியில் சேர்ந்திருந்தாலும் சரி, முதல் செமஸ்டர் முடிவதற்குள் ஒரு மாணவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்பார். "சார், ஐஐடில எம்.எஸ்சி. படிக்கலாம்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன சார் பண்ணணும்?" என்பார். நிரந்தரப் பணியோ கௌரவ விரிவுரையாளரோ, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது.

பதில் சொல்வதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து இந்த மாணவருக்கு நீங்கள் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிறீர்கள். அதில் மதிப்பெண்ணைத் தவிர வேறு என்ன எழுத முடியும்? "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அவர் என்ன கேள்வி கேட்டார், எங்கே சிக்கினார், எப்படி வெளியே வந்தார் என்று எழுதினால் படிப்பார்கள். அப்படி எழுத வேண்டுமென்றால் முதலில் அதெல்லாம் நடந்திருக்க வேண்டும், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள் (மூன்றாம் செமஸ்டர்)

ஆரம்பிக்கச் சரியான நேரம் இரண்டாம் ஆண்டின் தொடக்கம். முதல் ஆண்டில் அவர்களுக்கே கல்லூரி பிடிபட்டிருக்காது. மூன்றாம் ஆண்டில் வந்தால் தேதிகள் பாதி கடந்திருக்கும்.

வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவரை மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் பெரும்பாலும் பி.எட். போவதா, போட்டித் தேர்வா என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருப்பார். கரும்பலகையில் நீங்கள் விட்ட பிழையைச் சத்தமில்லாமல் நோட்டில் திருத்தி எழுதுகிறவரையும், வகுப்பு முடிந்தபின் "அந்த ஸ்டெப் எப்படி வந்துச்சு மேம்?" என்று பின்னாலேயே வருகிறவரையும் கவனியுங்கள்.

உட்கார வைத்துப் பேசும்போது கேட்க வேண்டியவை: எந்த ஊரிலிருந்து வருகிறார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அரியர் இருக்கிறதா, பள்ளியில் தமிழ்வழியா ஆங்கிலவழியா, சாயந்திரம் ஏதாவது வேலைக்குப் போகிறாரா. கடைசி பஸ் ஆறு மணிக்கு என்றால் நாலரைக்கு மேல் லேபில் நிறுத்தி வைக்கக் கூடாது. இதைக் கேட்காமல் "ஈடுபாடு இல்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய.

அரியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன் கணக்கிலேயே மூழ்கி, ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம் அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். இன்றைக்கும் சேர்க்கை விதிகளில் மொத்த சதவீதம் கேட்கும் இடங்கள் உண்டு, மொழிப்பாடமும் கூடச் சேரும் இடங்கள் உண்டு. உங்கள் பாடத்தில் கெட்டிக்காரராக இருப்பவரிடம் பகுதி ஒன்று, பகுதி இரண்டு (மொழிப்பாடம், ஆங்கிலம்) மதிப்பெண்களையும் கேளுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு லாங் சைஸ் நோட்டு போடுங்கள். சந்தித்த தேதி, பேசியது, கேட்ட கேள்வி. இரண்டு வரி போதும். கடிதம் எழுதும் நாளில் இதுதான் கைகொடுக்கும்.

படி 2: ஒரு சின்னக் கேள்வியைக் கொடுங்கள்

இந்த வேலை முழுவதிலும் பெரும்பகுதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும்.

புதியவர்கள் பொதுவாகத் தங்கள் முனைவர் பட்டத் தலைப்பில் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுப்பார்கள். அதற்கு வேண்டிய கருவி நம் லேபில் இருக்காது. மாணவர் மூன்று மாதம் கட்டுரைகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திரிவார். அதற்குப் பதில், நம் ஊரில் கிடைக்கிற, ஒரு செமஸ்டரில் முடிகிற, விடை உங்களுக்கும் தெரியாத ஒரு கேள்வியைத் தேடுங்கள்.

ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழையில் அறுவடை மாட்டிக்கொண்டால் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போவது நாம் அடிக்கடி பார்ப்பது. மூட்டையோடு நிற்கிற விவசாயியின் பிள்ளைகளே உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இயற்பியல் மாணவர் ஒருவர் "நெல் ஈரப்பதம் பத்தி ப்ராஜெக்ட் பண்ணலாமா சார்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது கேள்வி இல்லை, தலைப்பு. இதைக் கேள்வியாக்குவது அவர் வேலை. சுற்றிச் சுற்றிக் கேட்பது உங்கள் வேலை. ஒரே குவியலில் மேலே, நடுவில், அடியில் எடுத்த நெல்லுக்கு ஈரப்பத மீட்டர் காட்டும் அளவு எவ்வளவு வேறுபடுகிறது? அந்த வேறுபாடு, ஒரே நெல்லைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது வரும் வேறுபாட்டைவிடப் பெரிதா? இப்படி வந்து நின்றால் போதும்.

இதற்கு வேண்டியது ஒரு ஈரப்பதமானி, ஒரு நல்ல தராசு, வேதியியல் துறையின் ஹாட் ஏர் ஓவன். மீட்டர் காட்டுவதைச் சரிபார்க்க, அரைத்த நெல்லை 130 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தலாம். முழு நெல் என்றால் ராத்திரி முழுக்க ஓட வேண்டும். அதற்கு முதல்வரின் அனுமதியும் லேப் அட்டெண்டரின் தயவும் வேண்டும். அரைக்கும்போதே கொஞ்சம் ஈரம் போய்விடும். அதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், அரைத்ததன் அளவும் முழு நெல்லின் அளவும் ஒத்துப்போகாமல் அவரே வந்து நிற்கட்டும்.

அடுத்து கணக்கு. 10 கிராம் நெல் உலர்ந்தபின் 8.3 கிராம். போன நீர் 1.7 கிராம். அதை 10-ஆல் வகுத்தால் 17 சதவீதம், 8.3-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20.5 சதவீதம். முதலாவது ஈர அடிப்படை, இரண்டாவது உலர் அடிப்படை. கொள்முதலில் பேசுவது முதலாவது. பல ஆய்வுக் கட்டுரைகளில் வருவது இரண்டாவது. இதைக் கவனிக்காமல் ஒரு கட்டுரையின் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட்டுவிட்டு "ரிசல்ட் தப்பா வருது மேம்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். அப்போது விடையைச் சொல்லாமல், அந்தக் கட்டுரையின் செய்முறைப் பகுதியை உங்கள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தானாகக் கண்டுபிடித்தால் நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் எழுத ஒரு பத்தி கிடைத்துவிட்டது.

மற்றத் துறைகளுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் விஷயம் இருக்கிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கிணற்று நீரின் உப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, 2018 நவம்பர் கஜா புயலுக்குப்பின் மறுபடி வைத்த தென்னை, சம்பா அறுவடையை ஒட்டி ஈரத்திலேயே தெளிக்கும் உளுந்து. ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏடிடி என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், திருச்சியில் வாழை ஆராய்ச்சி மையம். துறைத்தலைவரின் கடிதத்தோடு போய் ஒரு நாள் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். வரலாறு, தமிழ் மாணவர் என்றால் சரஸ்வதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. சென்னை மாணவருக்கே இது வாய்க்காது.

படி 3: படிக்கவும் பேசவும் பழக்குங்கள்

மாதம் ஒரு ஆய்வுக் கட்டுரை போதும். முதலில் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் பார்த்து, என்ன சொல்ல வருகிறார்கள் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். இந்த வரிசையை மாற்றினால் கட்டுரையின் சுருக்கத்தையே காப்பியடித்து எடுத்து வருவார்கள்.

கட்டுரை எங்கே கிடைக்கும் என்ற கவலை முன்போல் இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தலாம். உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். உதவிபெறும் கல்லூரி என்றால் கல்லூரிகளுக்கு மின் இதழ்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் கணக்கு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். கணக்கு இருந்தும் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் கிடக்கும் கல்லூரிகள் உண்டு.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. ப்ராஜெக்ட் முடிந்ததும் "இதை ஒரு ஜர்னல்ல போட்டுடலாம், ரெண்டாயிரம் ரூபாய்தான்" என்று யாராவது வருவார்கள். உங்களுக்கும் பதவி உயர்வுப் புள்ளி ஞாபகம் வரும். வேண்டாம். எதை அனுப்பினாலும் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழில் வந்த கட்டுரை, நேர்முகத் தேர்வில் மாணவருக்கு எதிராகத்தான் நிற்கும். நன்றாக எழுதிய பத்துப் பக்க அறிக்கை அதைவிட மேல்.

படி 4: கோடை விடுமுறை

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்திட்டத்தை நாலாம் செமஸ்டருக்குப் பிந்தைய விடுமுறைக்குக் குறிவையுங்கள். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகை, ரயில் கட்டணம். விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரோடு முடிந்துவிடும், அதாவது வடகிழக்குப் பருவமழையும் செமஸ்டர் தேர்வும் ஒன்றாக வந்து நிற்கும் மாதம். கரண்ட் போகும், பிரவுசிங் சென்டர் மூடியிருக்கும். அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். மாணவர் ஏன் வர விரும்புகிறார் என்று ஒரு சிறு குறிப்பு கேட்பார்கள்; படி 2-இல் செய்த வேலையை அங்கே எழுதலாம். இந்தத் திட்டத்தில் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது நம்மில் பலர் கவனிக்காத விஷயம். நீங்களும் போடுங்கள்.

கணித மாணவருக்கு 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். என்ற கோடைக்காலக் கணிதப் பயிற்சி முகாம் இருக்கிறது. நான்கு வாரம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பாடத்தை மனப்பாடம் செய்து பழகியவர்கள் அங்கே போய் முதல் வாரம் திணறுவார்கள். திணறி வந்தவரிடம் வித்தியாசம் தெரியும்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெற்றவர் யாராவது வகுப்பில் இருந்தால் கண்டுபிடியுங்கள். அதில் ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடைகால ஆய்வுக்கானது. அதற்கு ஒரு வழிகாட்டி வேண்டும்.

நேரடியாகப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் நடக்கிற காரியம்தான், ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாமல் இருந்தால். நான்கைந்து வாக்கியம் போதும்: நான் யார், என்ன செய்து பார்த்தேன், உங்களுடைய எந்த வேலையைப் படித்தேன், அதில் எனக்கு எழுந்த கேள்வி என்ன, எந்தத் தேதிகளில் வர முடியும். "தாங்கள் மதிப்புமிக்க பேராசிரியர், நான் மிகவும் ஆர்வமுள்ளவன்" என்பதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

படி 5: தேர்வுகள்

ஐஐடி எம்.எஸ்சி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, நம் திருவாரூர் உட்பட, முதுநிலை க்யூட். ஜாம் 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் பகுதியில் மட்டும் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். எண்ணை நேரடியாக விடையாக எழுதும் 20 கேள்விகளுக்கு அந்தப் பயம் இல்லை. முதல் பகுதியில் தெரியாததைத் துணிந்து விட்டுவிடப் பழக்குங்கள். எல்லாக் கேள்விக்கும் எதையாவது எழுதி வைப்பது நம் செமஸ்டர் தேர்வு கொடுத்த பழக்கம்.

விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். அதற்குள் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் முடிந்திருக்காது. கடைசி செமஸ்டரில் வரும் பகுதிகளை நீங்களே முன்னதாக நடத்த வேண்டியிருக்கும். பொங்கலுக்குப்பின் சம்பா அறுவடை வேறு. இயந்திரம் வந்தாலும் வீட்டில் ஆள் வேண்டும், பையன் ஒரு வாரம் வரமாட்டான். அதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டு, மாதிரித் தேர்வுகளை டிசம்பர் விடுமுறையில் வைத்துவிடுங்கள்.

ஜாம் முடிவு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து இருந்துவிடுகிறவர்கள் உண்டு. சேர்க்கைக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும், எந்தக் கல்வி நிறுவனம், எந்தப் படிப்பு என்ற வரிசையோடு. அந்த நாளில் பக்கத்தில் உட்காருங்கள்.

படி 6: சான்றிதழ்

சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் சீட்டு போவது இங்கேதான். மாணவரிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், வருமான வரம்பு விவரத்தோடு, அந்த நிதியாண்டில் வழங்கியதாக. மாநிலப் பட்டியலில் இருக்கும் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா, அதே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இ-சேவை மையத்தில் போட்டு, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர நாளாகும். ஏப்ரல் தாண்டியதும் விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டால் செப்டம்பரில் பதற்றம் இருக்காது. பெயரின் இனிஷியல் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்தது.

ஜாம் கட்டணம் பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் பாதிதான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிறவர்களிடம் இதற்கென்று முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லலாம்.

படி 7: வீட்டில் பேசுவது

பெண் பிள்ளை என்றால் இது தவறாமல் வரும். "பி.எட். முடிச்சா பக்கத்துலயே டீச்சர் வேலைக்குப் போகலாம்ல மேம், எதுக்கு அவ்வளவு தூரம்?" என்பார் அப்பா. அறிவியலின் அருமை பெருமையெல்லாம் அங்கே எடுபடாது. விடுதி எப்படி, எந்த ரயில், எவ்வளவு செலவு, படித்தால் என்ன கிடைக்கும் என்று பதில் சொல்லுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் என்று சொன்னதும் "படிக்கிறதுக்கு அவங்க குடுப்பாங்களா?" என்று அம்மா கேட்பார். அதன்பிறகு பேச்சே வேறு மாதிரிப் போகும். அதே கல்லூரியிலிருந்து முன்பு போன அக்கா ஒருவரை போனில் பேச வைத்தால் இன்னும் நல்லது. வேண்டாம் என்று மாணவியே முடிவு செய்தால் விட்டுவிடுங்கள், பி.எட். ஒன்றும் தோல்வி இல்லை.

படி 8: கடிதம்

மாணவரையே எழுதி வரச் சொல்லிக் கையெழுத்துப் போடும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. படிக்கிறவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நோட்டை எடுங்கள். எத்தனை நாளாகத் தெரியும், எந்த வேலையில் பார்த்தீர்கள், எங்கே தடுமாறினார், பிறகு என்ன செய்தார், நீங்கள் பாடம் நடத்திய மாணவர்களில் எந்த இடத்தில் வைப்பீர்கள். குறையையும் ஒரு வரி எழுதலாம், நம்பகம் கூடும். ஆங்கிலம் தடுமாறும், ஆனால் எழுத்தில் ஒரு வருடத்தில் இவ்வளவு முன்னேறினார் என்று எழுதுவதில் தவறே இல்லை.

நம் ஊர்க் கதை ஒன்று இதற்குப் பொருத்தம். கல்லூரியைவிட்டு வெளியே வந்த ராமானுஜன், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயரிடம் தன் நோட்டைக் காட்டினார். அவர் சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். கும்பகோணத்தில் பாடம் நடத்தியிருந்த சேஷு ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு அறிமுகக் குறிப்பு தந்தார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு 1913-இல் கடிதம் போவதற்கு முன்னால் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். ராமசாமி ஐயர் பேராசிரியர் இல்லை, டெபுடி கலெக்டர். அந்த நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார் என்பதுதான் அவர் செய்த வேலை.

வெளிநாடு என்று கேட்டால்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம்முடையது மூன்றாண்டுப் பட்டம். பள்ளியோடு சேர்த்து 15 ஆண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் 16 ஆண்டு கேட்கும். ஆகவே இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே முனைவர் பட்டத்துக்குப் போவது செலவும் குறைவு, வழியும் நேர். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகையும் உண்டு. எஸ்சி மாணவர்களுக்கு மத்திய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. கன்சல்டன்சி விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள்.

போன பிறகு

முதல் செமஸ்டரில் போன் வரும். "எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுறாங்க சார், எனக்கு ஒண்ணும் புரியல, திரும்பி வந்துடவா?" என்று கேட்பார்கள். மிட் செமஸ்டர் தேர்வு முடியும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே இருக்கும் மூத்த தமிழ் மாணவர் ஒருவரின் எண்ணைத் தேடிக் கொடுங்கள். ஓரளவு நிலைகொண்டபின் அவரிடம் கேட்டு அனுமதி வாங்கி, அவர் எண்ணை உங்களுடைய இப்போதைய இரண்டாம் ஆண்டு வகுப்பில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஜாம் விண்ணப்பத்தில் வரும் பாதிச் சந்தேகங்களை அவரே தீர்த்து வைப்பார்.